தார்ப்பாய் நூல்

எங்கள் மஆன் ஊரில் ஒருவன் லாரி ஓட்டத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்த அன்றே ஊர் அவனை நம்புவதை நிறுத்திவிடும். நேற்றுவரை பார்லி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆள்தான். அதே மூக்கு, அதே மீசை. ஆனால் சாவி கைக்கு வந்ததும் அவன் நம் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போய்வருகிறவன் ஆகிவிடுகிறான். டீசலை எங்கே விற்றான், சரக்கில் எவ்வளவு கை வைத்தான், கீழே குவைராவில் யார் வீட்டு அடுப்பில் சாப்பிட்டான் என்றெல்லாம் யோசிக்க எங்கள் ஊரில் எல்லாருக்கும் நேரம் உண்டு. குளிர்காலத்தில் இன்னும் அதிகமாகவே உண்டு.

எனக்குக் கடைத்தெருவில் கடை. தார்ப்பாய், அதைத் தைக்கும் மெழுகு நூல், கயிறு, கொக்கி, தண்ணீர் கேன், லாரியின் கண்ணாடிக்கு மேல் தொங்கவிடும் வண்ணக் குஞ்சம் எல்லாம் விற்பேன். எதிர்க்கடை அபூ ரக்கானுடையது, ஆட்டுத் தீவனமும் பார்லியும். மனிதர் தராசில் விரல் வைக்க மாட்டார். ஆனால் அடுத்தவன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மருமகன் அவாத் அந்தக் கடையில்தான் கணக்கப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். மைத்துனன் ரக்கான் சொன்ன மூட்டையைத் தூக்குவான், சொல்லாத மூட்டைக்குத் திட்டு வாங்குவான்.

அவன் மனைவி ஃபித்தாவுக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட காப்புகளைக் கழற்றி அப்பாவின் மேசையில் வைத்தாள். அவற்றை விற்ற காசு பாதியும் தன் காசு பாதியுமாகச் சேர்த்து அபூ ரக்கான் ஒரு பழைய ஜெர்மன் லாரி வாங்கினார். போகும்போது சுரங்கத்துப் பாஸ்பேட்டை அகபா துறைமுகத்தில் இறக்க வேண்டும். வரும்போது கப்பலில் வந்த பார்லியை ஏற்றி வர வேண்டும்.

சாவியைக் கொடுத்த அன்று என் கடை வாசலில்தான் நின்றார்கள்.

"பெருநாள் வரைக்கும் பாப்பேன்," என்றார் அபூ ரக்கான். "அதுக்குள்ள எனக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் போச்சு. அம்மான்ல ஒருத்தன் இந்த வண்டிக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். அவனுக்கு வித்துருவேன். நீ பழையபடி மூட்டை தூக்கலாம்."

"சந்தேகம் உங்களுக்கு எப்ப மாமா வராம இருந்துச்சு?" என்றான் அவாத்.

"வாய் ஓட்டுறான் பாரு. வாய் ஓடுற மாதிரி வண்டி ஓடணும்."

லைசென்ஸ் அவனிடம் இருந்தது. ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டி வாங்கியது. ஆனால் சமவெளியில் தண்ணீர் லாரி ஓட்டுவது வேறு, பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு நகபு இறக்கத்தில் இறங்குவது வேறு. ராஸ் அன் நகபில் சாலை மேட்டின் விளிம்புக்கு வந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து அடிவாரத்துக்கு விழும். விளிம்பில் ஒரு தேநீர்க் கொட்டகை உண்டு. ஏறி வந்தவர்கள் அங்கே எஞ்சினை ஆற விடுவார்கள். இறங்கப் போகிறவர்கள் பிரேக்கைப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

லாரிக்காரர்களுக்கு டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். கதவைக் கீழ்நோக்கித் திறந்தால் அதுவே மேசை. உள்ளே கேஸ் அடுப்பு, கெண்டி, வாணலி, தேயிலை, சர்க்கரை, தக்காளி, மிளகாய், ஆலிவ் காய். லாரியின் நிழல் பக்கம் குந்தி உட்கார்ந்து எல்லாரும் ஒருவர் பெட்டியில் ஒருவர் சாப்பிடுவார்கள். தன் பெட்டியை மற்றவனுக்குத் திறக்காதவனை அந்தச் சாலையில் யாரும் மதிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. ஒருவன் பெட்டியில் சாப்பிட்டவன் அவன் வண்டிச் சாவிக்கு ஆசைப்படக் கூடாது. அவன் முதலாளியிடம் போய் "எனக்குக் கொடு, குறைத்து ஓட்டுகிறேன்" என்று நிற்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. மீறியவனுக்கு டயர் வெடித்தால் நின்று உதவ ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை நிரப்புவதும் காலி செய்வதும் வீட்டுப் பெண்ணின் வேலை. ஃபித்தா அதில்தான் துப்புப் பிடித்தாள்.

முதல் இரண்டு நடைக்கு வாணலி கரி பிடித்து, தக்காளித் தோல் ஒட்டிக் காய்ந்து வந்தது. திட்டிக்கொண்டே தேய்த்தாள். மூன்றாவது நடையில் வாணலி பளபளவென்று வந்தது. மணல் போட்டுத் தேய்த்து, கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டில் குடித்த தேநீர்க் கோப்பையை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் அவாத். கோப்பைகள் இரண்டு கழுவி வைக்கப்பட்டிருந்தன. கெண்டியில், தேநீரில் வாசனைக்குப் போடும் சேஜ் இலை மணத்தது. இவள் சேஜ் கட்டிக் கொடுக்கவில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு நாள் வரும் என்று வைத்த ரொட்டியெல்லாம் தீர்ந்திருந்தது. வந்த ஆளோ பசியோடு வந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.

"யாரு கழுவுனா?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. இத்தன நாளா எங்க வச்சிருந்தேன்னுதான் கேக்குறேன்."

அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பதில் சொல்லத் தெரியாத ஆண்களுக்குத் தூக்கம் உடனே வந்துவிடும்.

ரக்கானின் மனைவி நௌஃபாவுக்கு இந்தச் செய்தி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் சமையலறை ஒன்று. என் மனைவி வெங்காயம் கடன் வாங்கப் போன நேரம் பேச்சு நடந்திருக்கிறது, அதனால் எனக்கும் வந்தது.

"பொம்பளக் கை அது," என்றாளாம் நௌஃபா. "ஆம்பள கழுவுனா கைப்பிடிக்குப் பின்னால அழுக்கு இருக்கும். பாத்தியா? இல்ல. குவைராவுல ஒரு விதவ ரோட்டோரம் ரொட்டி சுடுறாளாமே."

"அவளுக்கு எங்க அத்தை வயசு, அண்ணி."

"வயசப் பாத்தா ரொட்டி சாப்புடுறாங்க?"

"நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஒன் வாணலிதான் பேசுது."

இதற்கிடையில் அபூ ரக்கானுக்கு அவர் பங்குக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. டீசல் அதிகம் போகிறது. மற்ற லாரிக்காரர்கள் அதே தூரத்துக்கு ஊற்றுவதைவிட இவன் அதிகம் ஊற்றுகிறான். துறைமுகத்துக்கும் நேரம் கழித்துப் போகிறான். என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அபூ ஹானி, டீசல் வாங்குறவன் எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேன் விக்கிறவன் நீதானே?"

"தண்ணி கேன் விக்கிறேன்."

"தண்ணி கேன்ல தண்ணிதான் ஊத்தணும்னு ஏதாவது இருக்கா?"

வியாபாரிக்கு வியாபாரி பதில் சொல்வது கஷ்டம். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சந்தேகத்தோடு முகர்ந்துவிட்டுக் குடித்தார்.

அடுத்த வாரம் அவாத்தே கடைக்கு வந்தான். கயிறு வேண்டும் என்றான். குளிர் காற்று மணலைத் தூக்கித் தெருவில் வீசிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். நடுப் பொத்தான் மட்டும் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு நூல் இல்லை. மெழுகு பூசிய மஞ்சள் நூல், மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் முடிச்சு. என் கடைச் சரக்கு. கிழிந்த தார்ப்பாயைத் தைக்கும் நூல். எந்தப் பெண்ணும் அந்த ஊசியால் ஜாக்கெட்டைத் தொட மாட்டாள், துணி போய்விடும்.

"பட்டன் யார் தச்சா?" என்றேன்.

அவன் கை சட்டென்று பொத்தானை மூடியது. "அறுந்துருச்சு. தச்சேன்."

"நல்லாருக்கு. லாரி கவுந்தாலும் பட்டன் அறுந்து விழாது."

அவன் முகம் வெளுத்தது. நான் வேடிக்கைக்குச் சொன்னேன். அவனுக்கு எங்கேயோ பட்டுவிட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு மீதியை வாங்காமலே போனான். இதற்குப் பின்னால் ஒரு ஆண் இருக்கிறான், அதுவும் லாரிக்காரன் என்று எனக்கு அன்றே தெரிந்தது. சொல்லவில்லை. கேட்க ஆள் வராத சரக்கைத் தெருவில் பரப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் அதே பொத்தானை ஃபித்தாவும் பார்த்துவிட்டாள். அவள் நூலைப் பார்க்கவில்லை, தைத்திருப்பதைத்தான் பார்த்தாள். வாணலியைப் பொறுத்தவள் பொத்தானைப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் போனாள்.

"நாளைக்கு வண்டில நானும் போறேன். அகபாவுல அக்காவப் பாக்கணும்."

அபூ ரக்கான் அவளை மேலும் கீழும் பார்த்தார். மஆனில் பெண்கள் லாரியில் ஏறி ஊர்வழியாகப் போவதில்லை. பஸ் இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பார்.

"போ," என்றார். "டீசல் முள்ளு மேல ஒரு கண்ணு வச்சுக்க."

தகப்பன் மகளை டீசலுக்கு உளவு அனுப்பினார். மகள் தன் காரியத்துக்கு உளவு போனாள். அவாத்துக்கு விஷயம் தெரிந்தது விடியற்காலையில், எஞ்சின் சூடாகிக்கொண்டிருக்கும்போதுதான். அவள் கறுப்பு மேலங்கியும் மூட்டையுமாக வந்து கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு, ஃபித்தா. சரக்கு ஏத்தியிருக்கு. ரோட்டுல பனி."

"பனிக்கு நான் என்ன செஞ்சேன்?"

"பஸ்ஸுல போயேன்."

"ஏன், இந்த சீட்டுல வேற யாராச்சும் ஒக்காரணுமா?"

அவன் கியரைப் போட்டான். நானும் கடை திறக்க வந்தவன், லாரி புகை விட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் குஞ்சம் ஆடியது. அதன் கீழே இரண்டு முகங்கள், இரண்டும் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை இவர்கள் இருவரும் வழியில் வந்து சேர்ந்த இன்னொருவனுமாக மூன்று பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விலை. நான் நடுவிலையை எடுத்துக்கொண்டேன்.

நகபு விளிம்புக்கு வந்தார்கள். மேட்டில் மூடுபனி தரையோடு ஓடிக்கொண்டிருந்தது. தேநீர்க் கொட்டகையைத் தாண்டிப் போய்விடலாமா என்று அவாத் நினைத்திருக்கிறான். கால் ஒப்பவில்லை. வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏன் நிறுத்துன?"

"பிரேக்கப் பாக்கணும்."

"அப்ப எறங்கிப் பாரு."

அவன் இறங்கவில்லை. அப்போது கொட்டகையிலிருந்து ஒரு ஆள் வந்தான். அவாத் வயதுதான் இருக்கும். ராணுவக் கோட்டு, தலையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. கையில் ஒரு கொத்து சேஜ். நேராக ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான், படியில் கால் வைத்தான். "தள்ளி ஒக்காருடா, இன்னைக்கு ரொட்டி சூடா இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். பாதி உடம்பு உள்ளே வந்தபிறகு ஃபித்தாவைப் பார்த்தான்.

மர்ஸூக் என்று பெயர். ஒரு காலத்தில் சொந்த லாரி வைத்திருந்தவன். லாரியும் போய், வேலையும் போய், கொட்டகையிலேயே படுத்துக் கிடக்கிறவன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி," என்றான் படியில் நின்றபடியே.

ஃபித்தா அவன் கோட்டைப் பார்த்தாள். எல்லாப் பொத்தானும் மஞ்சள் மெழுகு நூலில் தைத்திருந்தது. கையில் இருந்த சேஜைப் பார்த்தாள். மணலில் தேய்ந்து வெடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"வாணலி கழுவுறது நீங்களா, அண்ணே?"

"சாப்பிட்ட பாத்திரத்த அப்படியே விட்டா எங்கம்மா அடிப்பா, தங்கச்சி. பழகிருச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். இரண்டையும் அடக்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "இவரு எதுக்கு இந்தப் பக்கமா ஏறுறாரு?"

அவாத் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டாவது நடைல இந்த எறக்கத்துல நாந்தான் வண்டிய எறக்குனேன். எனக்கு முன்னால போனவன் வண்டி பள்ளத்துல விழுந்து கெடந்துச்சு. பாத்துக்கிட்டே எறக்குனேன். எறக்கி முடிச்சப்பறம் கால் நடுங்குறது நிக்கல. அன்னையிலேர்ந்து இவன் எறக்குறான். சாப்பாடு போடுறேன். திரும்பி ஏறி வர்றதுக்கு வேற வண்டி பிடிச்சுக்குவான். சில நாள் அவன் இங்க வந்து சேர நேரமாகும். குளுருல அணைச்சா திரும்பக் கெளம்பாதுன்னு எஞ்சினப் போட்டுட்டுக் காத்திருப்பேன்."

"அதான் டீசல்."

"அதான் டீசல்."

"இதச் சொல்றதுக்கு ஒனக்கு என்னடா கேடு? அங்க நௌஃபா அண்ணி ஒனக்கு ஒரு கல்யாணமே பண்ணி வச்சிட்டாங்க!"

"எறக்கத் தெரியாத டிரைவர்னு மாமாகிட்ட சொல்லச் சொல்றியா? மறுநா வண்டி அம்மான்ல நிக்கும். ஒன் காப்பும் அதோட போகும்."

அது உண்மை. வேறு பெண் இல்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான் நின்றது, அதற்குள் இந்த பயம் வந்து உட்கார்ந்தது. ஆனால் ஃபித்தா அபூ ரக்கானின் மகள். தராசு கோணினால் முதலில் எதிராளியைத்தான் எடை போட்டுப் பார்ப்பாள்.

"அண்ணே," என்றாள் மர்ஸூக்கிடம். "நீங்க இந்த எறக்கம் எத்தனையோ தடவ எறக்குனவரு. பேசாம எங்கப்பாகிட்ட சொல்றேன். சாவிய உங்ககிட்டயே குடுக்கட்டும். சம்பளம் போட்டு நீங்களே ஓட்டுங்க. இவரு கடைக்குப் போகட்டும். வண்டியாவது மிஞ்சும்."

அவாத் தலையைத் தூக்கவில்லை. மர்ஸூக் படியில் நின்றபடி வண்டியை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு பார்வை பார்த்தான். வேலை போய் எத்தனையோ காலமான ஆள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் தன் வாயில் எச்சில் ஊறியதை என்னிடம் மறைக்காமல் சொன்னான்.

"வேணாம், தங்கச்சி."

"ஏன்? ஓட்டத் தெரியாதா?"

"இவன் பெட்டில சாப்புட்டேன்." சேஜ் கொத்தை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். "அப்பறம் இன்னொண்ணு. சொன்னா என் சாப்பாடு போயிரும். இருந்தாலும் சொல்றேன். போன ரெண்டு நடையா கியர் போட்டது இவன்தான். பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, நான் கேக்குறதுக்கு முன்னாடியே போட்டான். ஒண்ணுகூட தப்பல. நான் சும்மா ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு ஒக்காந்திருந்தேன்."

"அவன் ஒக்காந்திருக்கான்னுதான் போட்டேன்," என்றான் அவாத்.

"அப்ப ஒக்காரட்டும்," என்றாள் ஃபித்தா. "எறங்கி இந்தப் பக்கமா வாங்க அண்ணே. என் சீட்டுல ஒக்காருங்க. நான் பின்னால படுக்கைப் பலகைக்குப் போயிக்கிறேன். சாப்பாடு உண்டு. ஆனா ஸ்டியரிங்கத் தொட்டா இல்ல."

"தங்கச்சி, பேரம் கொஞ்சம்..."

"வாயத் தொறந்தா ஒரு ரொட்டி கொறையும்."

"அல்லாஹ்வே! இது யாரு பொண்ணு?"

"பார்லிக்கடை அபூ ரக்கான் பொண்ணு."

"சொல்லியிருந்தா பேசியிருக்கவே மாட்டேன்."

"நீ எறங்கிரு, ஃபித்தா," என்றான் அவாத். "ஒன்ன வச்சிக்கிட்டு எறக்க மாட்டேன்."

"நான் எறங்குனா நீ எறக்கவே மாட்ட. பிரேக்கப் பாக்கணும்னு சொன்னியே, போய்ப் பாரு."

அவன் இறங்கி, உண்மையாகவே சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தான். ஏறினான். பிஸ்மில்லா சொன்னது பின்னால் இருந்தவளுக்குக் கேட்டது. கீழ் கியரில் போட்டான். லாரி விளிம்பைத் தாண்டித் தலையைக் கவிழ்த்தது.

எஞ்சின் கத்தியது. பின்னால் டன் கணக்கில் பாஸ்பேட் தள்ளியது. அவன் அதைத் தள்ள விட்டான், ஓட விடவில்லை. பிரேக்கைத் தொட்டான், விட்டான், தொட்டான், விட்டான். பனி விலகிய இடத்தில் சமவெளி முழுக்க ஒரே விரிப்பாகக் கீழே தெரிந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரனை அலற விட்டன. ஒருவன் தாண்டிப் போகும்போது தலையை வெளியே நீட்டி, "மையத்தையா அடக்கத்துக்குக் கொண்டு போறே?" என்று கத்தினான். அவாத் திரும்பவில்லை.

தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மர்ஸூக்கின் வலது கால் மிதித்துக்கொண்டே இருந்ததாம். அந்த வண்டி விழுந்த வளைவு வந்தபோது அவன் பொறுக்காமல் வாயைத் திறந்தான். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை ரொட்டியைத் தூக்கிக் காட்டியது. வாயை மூடிக்கொண்டான். அவாத்தின் கை கியருக்குப் போனது. ஒன்று குறைத்தான். வண்டி முனகிக்கொண்டே வளைந்தது. பள்ளம் அவன் பக்கமாக வந்து, பின்னால் போனது.

அடிவாரத்தில் நிறுத்தியபோது சக்கரங்களிலிருந்து சூட்டு வாடை வந்தது, புகை வரவில்லை. அவாத் இறங்கி டயர் நிழலில் உட்கார்ந்துவிட்டான். கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஃபித்தா பெட்டியைத் திறந்து, தக்காளியை மிளகாயோடு வதக்கி, வாணலியை அப்படியே தரையில் வைத்தாள். மர்ஸூக்குக்கு ரொட்டி குறைக்கவில்லை, ஒன்று கூடவே வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் பழக்கத்தில் வாணலியைக் கையில் எடுத்து மணலுக்குத் திரும்பினான்.

"கீழ வையுங்க அண்ணே," என்றாள். "இந்த வாணலியால என் குடும்பம் பட்டது போதும்."

பெருநாள்வரை மர்ஸூக் அந்த சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு அவாத் கொட்டகையில் ஹாரன் மட்டும் அடித்து, ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தானே இறங்கத் தொடங்கினான். மர்ஸூக்குக்கு வேறு ஒரு முதலாளியிடம் வண்டி கிடைத்தது. அதைச் சொல்லி வாங்கித் தந்தது யார் என்று ஃபித்தாவைக் கேட்டால் அக்காவின் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்வாள்.

வாணலி கரியோடு வர ஆரம்பித்தது. "பாத்தியா, சண்டை போட்டுட்டாங்க. அவ கழுவுறத நிறுத்திட்டா," என்றாள் நௌஃபா. அபூ ரக்கான் வண்டியை விற்கவில்லை. ஆனால் என் ஸ்டூலில் வந்து உட்கார்வதையும் நிறுத்தவில்லை.

"டீசல் இப்ப மிச்சம் வருது, அபூ ஹானி."

"நல்லதுதானே?"

"எப்படி மிச்சம் வரும்? என்னமோ இருக்கு."

ஃபித்தா அந்த ஜாக்கெட்டின் மஞ்சள் நூலை அறுத்துப் போட்டுவிட்டு, தன் கையால் கறுப்பு நூலில் அழகாகப் பொத்தான் தைத்தாள் என்று என் மனைவி சொன்னாள். ஒரு வாரம் கழித்து ஃபித்தாவே கடைக்கு வந்தாள். வாசலில் நின்று எதிர்க்கடையில் அப்பா பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

"தார்ப்பாய் நூல் ஒரு கண்டு குடுங்க. ஊசியும்."

"தார்ப்பாய் கிழிஞ்சிருச்சா?"

"இல்ல," என்றாள். "பட்டன் விழுந்துருச்சு."

விலை சொன்னேன். அவள் பேரம் பேசினாள்.